பவர் கன்டிஷனரும் என் ஆம்ப்ளிஃபயரும்: கேட்டதும் அளந்ததும்

வீட்டு மின்சாரத்தைச் சீர்செய்து ஒலியை மேம்படுத்தும் என்று விற்கப்படும் பவர் கன்டிஷனர் என்ற பெட்டியை வாங்கிய முதல் வாரத்தில் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த வரிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. “மிருதங்கத்தின் தொப்பி ஓசை இறுகிவிட்டது, குரலைச் சுற்றி ஓர் அமைதி வந்திருக்கிறது, தம்புரா சற்றுப் பின்னால் தள்ளி நிற்கிறது” என்று அதில் உள்ளது. அவற்றை எழுதியபோது நான் மிகைப்படுத்தவில்லை; என் காதுக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. ஆனால் அதே பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், இன்னொரு வரியும் இருக்கிறது: “உறுமல் போகவில்லை. ஸ்பீக்கர் ஹம்மும் அப்படியே.” எந்த இரண்டு குறைகளுக்காக முதன்மையாக அந்தப் பெட்டியை வாங்கினேனோ அவை இரண்டும் அசையாமல் நின்றன, குறை என்று நான் ஒருநாளும் சொல்லாத விஷயங்கள் மட்டும் திருந்தியதாகத் தோன்றின. இந்த முரண்பாடு விளங்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

என்னிடம் இருப்பது எளிமையான அமைப்புதான். சேனலுக்கு 80 வாட் தரும் ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயர், அதனுள்ளே வளைய வடிவிலான பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர்; 88 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர்கள்; ஒரு டர்ன்டேபிள்; கணினிக் கோப்புகளை இசைக்க, டிஜிட்டல் சமிக்ஞையை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் ஒரு டிஏசி. தொலைக்காட்சியின் ஒலியும் ஒரு வயர் வழியாக இதே ஆம்ப்ளிஃபயருக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கன்டிஷனர் வருவதற்கு முன் எனக்கு மூன்று மனக்குறைகள் இருந்தன. சில நாட்களில், சில நேரங்களில் மட்டும், ஆம்ப்ளிஃபயரின் பெட்டியே தாழ்ந்த குரலில் உறுமும். ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்தால் எப்போதும் ஒரு மெல்லிய ஹம் கேட்கும். மூன்றாவது, இரவு பதினொரு மணிக்கு மேல் கேட்கும் இசை மாலை ஏழு மணிக்குக் கேட்பதைவிட எப்போதும் நன்றாக இருக்கிறது என்ற எண்ணம். இந்த மூன்றுக்கும் ‘அழுக்கு மின்சாரம்’தான் காரணம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மூன்று நோய்க்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் மற்ற விஷயங்களில் நான் சிரித்திருப்பேன், இதில் சிரிக்கவில்லை.

நான் வாங்கியது கனமான உலோகப் பெட்டி. அதன் உள்ளே இருப்பவை இரண்டு வகை உறுப்புகள்தான் என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். ஒன்று, காமன்மோடு சோக் எனப்படும் சுருளும் சில கெபாசிட்டர்களும் சேர்ந்த வடிகட்டி. மற்றொன்று, மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதை உறிஞ்சிக்கொள்ளும் வேரிஸ்டர். இதே பெயரில் விற்கப்படும் வேறு பெட்டிகளில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் ஸ்டெபிலைசர் இருக்கலாம். வரும் மின்சாரத்தை நேர்மின்னாக்கி, அதிலிருந்து புதிதாக ஒரு சைன் அலையை உருவாக்கித் தரும் ரீஜெனரேட்டராகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகை, சாராம்சத்தில், 50 ஹெர்ட்ஸை மட்டுமே பாடத் தெரிந்த ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர். இவை நான்கும் நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ‘கன்டிஷனர் போட்டேன், ஒலி மாறிற்று’ என்று ஒருவர் சொல்லும்போது, இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று கேட்காமல் அந்தப் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை.

என் சந்தேகம் முதலில் என் காதின் மீதே திரும்பியது. மின்சாரத்தை மாற்ற வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வேறிடத்தில் செருகி, மீண்டும் இயக்க வேண்டும். அதற்குள் முப்பது விநாடி கடந்துவிடும். நுட்பமான ஒலி வேறுபாடுகளை நம் நினைவு சில விநாடிகளுக்கு மேல் துல்லியமாக வைத்திருப்பதில்லை. அதன்பின் நாம் ஒப்பிடுவது ஒலியை அல்ல, ஒலியைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்தை. இதை அறிந்தவர்கள்தான் கண்மறைவுச் சோதனைகளை உருவாக்கினார்கள். 1982இல் டேவிட் கிளார்க் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் விவரித்த ஏபிஎக்ஸ் கருவி, எது எது என்று கேட்பவருக்கும் சோதனையை நடத்துபவருக்கும் தெரியாத வகையில் இரண்டு ஒலிகளுக்கிடையே உடனடியாக மாற வழிசெய்தது. அப்படியொரு கருவி என்னிடம் இல்லை. என் மகளும் ஒரு நாணயமும் இருந்தார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ்டென்ஷன் போர்டுகளை வைத்தோம். ஒன்று நேராகச் சுவர் சாக்கெட்டில், மற்றொன்று கன்டிஷனரில். கன்டிஷனரின் முகப்பு விளக்கைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தோம். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மகள் நாணயத்தைச் சுண்டி, அது சொல்லும் போர்டில் பிளக்கைச் செருகுவாள். நாணயம் ‘மாற்றாதே’ என்று சொன்னாலும் அணைத்து, பிடுங்கி, அதே இடத்தில் மீண்டும் செருகியாக வேண்டும். இல்லையென்றால் சத்தத்தை வைத்தே நான் ஊகித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அதே முப்பது விநாடிப் பகுதி, ஒலியளவுத் திருகியில் கை வைக்காமல். முன்னதாக 1000 ஹெர்ட்ஸ் ஒலியொன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து இரண்டு நிலையிலும் மின்னழுத்தம் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்றுதான். இந்த ஒரு படியைத் தவறவிடும் ஒப்பீடுகள் எல்லாம் வீண். அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் அதை யாரும் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘தெளிவு கூடியிருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள்.

பதினாறு முறை செய்தோம். வெறும் ஊகத்தால் 16க்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம். ஆகவே 12 வந்தால் வேறுபாடு கேட்கிறது என்று ஒப்புக்கொள்வதாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது 9. அதிலும் சங்கடம் என்னவென்றால், மிகுந்த உறுதியோடு சொன்ன நான்கில் மூன்று தவறு. “அப்பா, போன தடவை நான் எதையுமே மாத்தல” என்று மகள் கடைசியில் சொன்னபோது, குரலைச் சுற்றியிருந்த அமைதி குறித்து நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது.

ஒருவர் ஒரு மாலையில், முப்பது விநாடி இடைவெளியோடு செய்த சோதனை எதையும் அறுதியிட்டுவிடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அளந்தும் பார்த்தேன். ஸ்பீக்கர் முனையிலிருந்து இரண்டு மின்தடைகள் வழியாகச் சமிக்ஞையைக் குறைத்து, யுஎஸ்பி ஒலிப்பதிவு இடைமுகத்துக்குக் கொண்டுவந்து, இசை ஏதும் ஓடாத நிலையில் அதன் அலைவரிசைப் பிரிப்பைக் கணினியில் பார்த்தேன். (இதைச் செய்ய நினைப்பவர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர் பிரிட்ஜ் முறையில் இயங்குவதா என்று முதலில் பார்க்க வேண்டும்; அவ்வகையில் கறுப்பு முனையும் உயிருள்ள முனைதான், அதை எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிடும்.) 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 100இல் ஒன்று, 150இல் ஒன்று எனச் சீப்புப் பல் போல நின்றன. 100 ஹெர்ட்ஸ் கோடு ஒரு வாட் வெளியீட்டுக்கு ஏறத்தாழ 90 டெசிபல் கீழே. கன்டிஷனர் இருந்தபோதும் இல்லாதபோதும் அந்தப் பற்களின் உயரம் ஒரு டெசிபலுக்குள் ஒன்றாகவே இருந்தது.

ஏன் என்பதற்கு ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாலே போதும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒருபோதும் நேராக ஸ்பீக்கரை எட்டுவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாழ்த்துகிறது. நான்கு டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. பல்லாயிரம் மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கின்றன. அந்தத் தேக்கத்திலிருந்துதான் இசை எடுக்கப்படுகிறது. கெபாசிட்டர்கள் எப்போதும் நிரம்பிக்கொண்டிருப்பதில்லை. அலையின் உச்சி வரும் குறுகிய கணத்தில் மட்டும், விநாடிக்கு 100 முறை, ஆழமாக ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கின்றன. எல்லா வீடுகளிலும் உள்ள எல்லாக் கருவிகளும் இப்படி உச்சியிலேயே குடிப்பதால்தான் மின்சார அலையின் தலை சற்றுத் தட்டையாகத் தெரிகிறது. அந்தத் தட்டைத் தலையின் படத்தைக் காட்டி ‘பாருங்கள், உங்கள் மின்சாரம் எவ்வளவு கெட்டிருக்கிறது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். நேர்மின்னாக மாறப்போகிற ஒன்றின் தலை உருண்டையாக இருந்தால் என்ன, தட்டையாக இருந்தால் என்ன? ஆம்ப்ளிஃபயரும் அந்தத் தலையைத் தட்டுவோரில் ஒன்றுதான்.

கெபாசிட்டரில் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலைவு ஆம்ப்ளிஃபயரே உண்டாக்குவது. எவ்வளவு தூய்மையான சைன் அலையைக் கொடுத்தாலும் அது உண்டாகும். அதை ஸ்பீக்கர் வரை விடாமல் தடுப்பது சுற்றின் வடிவமைப்பும், வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறைக்கும் எதிர்ப்பின்னூட்டமும். மறுபுறம், என் கன்டிஷனரில் உள்ள வகை வடிகட்டிகள் பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யத் தொடங்குகின்றன. 50 ஹெர்ட்ஸை அவை தடுக்கவே கூடாது, ஏனென்றால் அதுதான் நமக்கு வேண்டிய மின்சாரம்; அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 100, 150, 250 ஹெர்ட்ஸையும் அவற்றால் தொட முடியாது. ஹம்முக்காக நான் வாங்கிய பெட்டியால் ஹம்மைத் தொடவே இயலாது என்பதை, அதன் உறுப்புகளின் அளவைப் படிக்கத் தெரிந்திருந்தால், வாங்குமுன்பே அறிந்திருப்பேன்.

அப்படியானால் ஹம் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒலியளவுத் திருகியைத் திருப்பிப் பார்த்தேன். ஹம்மும் சேர்ந்து ஏறி இறங்கியது. மாறாமல் நின்றிருந்தால் கோளாறு அந்தத் திருகிக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் காய்ந்துபோன கெபாசிட்டர்கள் தரும் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு அப்படித்தான் இருக்கும். ஏறி இறங்கினால் உள்ளீட்டு வயர்களில் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பின்னாலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தொலைக்காட்சி வயரைக் கழற்றியதும் ஹம் அடியோடு நின்றது. தொலைக்காட்சிக்கு வரும் ஆன்டெனா கேபிளின் உறை வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருந்தது; ஆம்ப்ளிஃபயர் தன் பிளக் வழியாக எர்த் ஆகியிருந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையே இருந்த சிறிய மின்னழுத்த வேறுபாடு, ஒலி வயரின் உறை வழியாக ஓர் ஓட்டத்தை உண்டாக்கியது. எர்த் லூப் என்று இதைச் சொல்வார்கள். ஒலி வயரை எடுத்துவிட்டு, தொலைக்காட்சியிலிருந்து டிஏசிக்கு ஓர் ஆப்டிகல் கேபிளைப் போட்டேன். ஒளி செல்லும் இழையில் மின்சாரம் ஓட வழியில்லை. அன்றோடு ஹம்மின் கதை முடிந்தது. பல மாதங்களாகத் தம்புராவின் சுருதிக்குள் ஒளிந்துகொண்டு அந்த ஹம் என்னோடு கச்சேரி கேட்டிருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எர்த் லூப்பை உடைக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஹம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே ஒரு வயர் இற்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் செல்ல எர்த் இருக்காது. பெட்டியைத் தொடும் கைதான் இருக்கும். என் நண்பர் ஒருவர் இப்படி வெட்டியிருந்தார். டர்ன்டேபிளைத் தொடும்போதெல்லாம் விரலில் சுருக்கென்கிறது என்று அவர் சொன்னபோது, அது வடிகட்டிக் கெபாசிட்டர்கள் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய கசிவு மின்னோட்டம் என்பதை விளக்கி, புதிய பிளக் போட வைத்தேன். கன்டிஷனர்களிலும் அதே வகைக் கெபாசிட்டர்கள் உண்டு. அதனாலேயே, எர்த் சரியில்லாத சாக்கெட்டில் கன்டிஷனரைப் போடுவது நிலைமையை மோசமாக்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகி, அந்த போர்டுக்கு நல்ல எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்வதே பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

உறுமலின் காரணம் தற்செயலாகத்தான் அகப்பட்டது. ஒரு காலையில் மகள் பக்கத்து அறையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள், ஆம்ப்ளிஃபயர் உறுமியது. உலர்த்தி நின்றது, உறுமலும் நின்றது. மீண்டும் போடச் சொன்னேன். முழு வேகத்தில் ஓடியபோது அமைதி. பாதி வேகத்துக்கு மாற்றியதும் உறுமல். பல உலர்த்திகளில் பாதி வேகம் என்பது ஒரு டயோடு வழியாக அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். முழு வேகத்தில் 1000 வாட் எடுக்கும் சூடேற்றிக்கு ஒரு டயோடைப் போட்டால், அது ஏறத்தாழ 2 ஆம்பியர் அளவுக்கு ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தை வீட்டு வயரிங்கில் உண்டாக்குகிறது. வயரிங்கின் மின்தடை அரை ஓம் என்றால், 230 வோல்ட் மாறுமின்னோடு சேர்ந்து ஒரு வோல்ட் நேர்மின்னும் ஆம்ப்ளிஃபயருக்கு வந்து சேரும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளுக்குச் சில ஓம் மின்தடைதான் இருக்கும்; அதன் வளையத்தில் காற்றிடைவெளியும் கிடையாது. அந்த ஒரு வோல்ட் செலுத்தும் சில நூறு மில்லிஆம்பியர், உள்ளகத்தை ஒரு பக்கமாகத் தெவிட்டச் செய்ய, அதாவது அதற்கு மேல் காந்தத்தை ஏற்க முடியாத நிலைக்குத் தள்ள, போதுமானது. அலையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் மட்டும் மின்னோட்டம் எகிறுகிறது, சுருள்கள் அதிர்கின்றன, பெட்டி உறுமுகிறது. கருவி மலிவானதா உயர்ந்ததா என்பது இதில் ஒரு பொருட்டல்ல. சொல்லப்போனால், நன்றாக வடிவமைத்த பெரிய டொராய்டுதான் இன்னும் எளிதாக உறுமும்.

என் கன்டிஷனரின் வடிகட்டி நேர்மின்னைத் தடுப்பதில்லை; சுருள் வழியாக அது தாராளமாகச் செல்லும். இதற்கென்றே ‘டிசி பிளாக்கர்’ என்ற சிறிய பெட்டி உண்டு. மின்சாரப் பாதையில் பெரிய கெபாசிட்டர்களை வைத்து, பழுது நேர்ந்தால் காப்பதற்கு அவற்றுக்கு இணையாக டயோடுகளை வைத்திருப்பார்கள். சில கன்டிஷனர்களில் இது உள்ளேயே இருக்கும். எர்த் வயர் எதனாலும் தடைபடாமல் நேராகச் செல்லும்படியான, மூடிய உலோகப் பெட்டியில் வந்த ஒன்றை வாங்கிப் போட்டேன். சாலிடரிங் தெரியும் என்பதற்காக வீட்டு மின்சாரத்தோடு நேராக விளையாடும் இவ்வகைப் பெட்டியை நானே செய்ய எனக்குத் துணிவில்லை. போட்ட பின், உலர்த்தி பாதி வேகத்தில் ஓடும்போதும் ஆம்ப்ளிஃபயர் வாய் திறப்பதில்லை. ஸ்பீக்கரில் வரும் இசை இதனால் மாறியதா என்றால், இல்லை. உறுமல் ஸ்பீக்கர் வழியாக ஒருபோதும் வரவில்லை. ஆனால் மெல்லிய பாடலொன்றை நள்ளிரவில் கேட்பவனுக்கு, அறையின் மூலையில் உறுமும் பெட்டி நிற்பது சிறிய விஷயமல்ல. மின்சாரத்தைச் சீர்செய்து நான் அடைந்த பலன்களில் காதால் ஐயமின்றி உணர்ந்தவற்றில் இது ஒன்று.

இரவில் இசை நன்றாக இருப்பது குறித்தும் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் மல்டிமீட்டரை வைத்துக் குறித்ததில், மாலையில் 212 வோல்ட் வரை இறங்கிய மின்சாரம் நள்ளிரவில் 238 வரை ஏறியது. உடனே ‘பிடித்துவிட்டேன்’ என்று நினைத்தேன். ஆனால் என் ஆம்ப்ளிஃபயரைப் போன்ற ஒன்றில் மின்னழுத்தம் குறைந்தால் அதிகபட்ச வெளியீடு குறையுமே தவிர, சாதாரண ஒலியளவில் எதுவும் மாறாது. 238க்கும் 212க்கும் இடையே அந்த உச்ச வரம்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டெசிபலில் சொன்னால் 1. நான் வழக்கமாகக் கேட்கும் ஒலிக்குச் சராசரியாக ஒரு வாட்கூட ஆவதில்லை. 80 வாட் வரம்பு 64 ஆனால் எனக்கு என்ன? பிறகு ஒலியளவு மானியை அறையின் நடுவில் வைத்துப் பார்த்தேன். மாலையில் எதையும் இசைக்காத அறையிலேயே 41 டெசிபல், நள்ளிரவில் 31. மின்சாரம் கொடுத்தது 1 டெசிபல், அதுவும் நான் எட்டாத உயரத்தில். ஊர் உறங்கியது கொடுத்தது 10 டெசிபல், அதுவும் பாட்டின் மிக மெல்லிய பகுதியில். அதோடு, நாளின் வேலையெல்லாம் முடிந்து உட்காரும் மனமும் சேர்ந்துகொள்கிறது. அதை எந்த மானியால் அளப்பது?

கன்டிஷனருக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட் அணையும்போது, ஸ்பீக்கரில் ‘டக்’ என்று ஓர் ஒலி வரும். தொடர்பு முனை பிரியும்போது பறக்கும் சிறு தீப்பொறி, மிகப் பரந்த அதிர்வெண்களில் ஒரு கணத் துடிப்பை வயரிங்கில் வீசுகிறது. இந்த வகை வடிகட்டிக்கு இது சரியான வேலை. கன்டிஷனர் வழியாக ஆம்ப்ளிஃபயர் இயங்கியபோது அந்த ஒலி கிட்டத்தட்ட மறைந்தது. இதையும் கண்மறைவாகச் சோதித்தோம். மகள் தெர்மோஸ்டாட்டைத் திருப்ப, கன்டிஷனர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னேன். உண்மையான வேறுபாடு இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை தடுமாறுவதில்லை என்பதற்கு இதுவே எனக்குச் சான்று. கண்மறைவுச் சோதனையின் பதற்றம் நுட்பங்களை மறைத்துவிடுகிறது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவதும் இதைத்தான்.

வேறு சிலருக்கு வேறு வகைப் பெட்டிகள் உண்மையிலேயே தேவைப்படலாம். சிங்க்ரனஸ் மோட்டார் கொண்ட பழைய டர்ன்டேபிள்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே பின்பற்றுகிறது. ஜெனரேட்டரில் அதிர்வெண் நழுவினால் சுருதியும் நழுவும். அங்கே மேலே சொன்ன ரீஜெனரேட்டர் சுருதியையே காப்பாற்றுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இழைகளின் சூடு மின்னழுத்தத்தோடு ஏறி இறங்குவதால், 10 சதவீதத்துக்கு மேல் ஊசலாடும் இடங்களில் ஸ்டெபிலைசர் வால்வுகளின் ஆயுளைக் காக்கும். இசையின் நடுவே ‘கடக்’ என்று ரிலே மாறும் ஸ்டெபிலைசரை மட்டும் தவிர்க்க வேண்டும். சைன் அலைக்குப் பதிலாகப் படிபோன்ற அலையைத் தரும் மலிவான யுபிஎஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் அது கரகரவென்று இரையும். தூய சைன் அலை தரும் யுபிஎஸ்ஸுக்கு மாறுவதே அதற்குத் தீர்வு. ஆனால் டர்ன்டேபிளின் ஹம்முக்குப் பெட்டி தேடாதீர்கள். ஊசியைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜின் சமிக்ஞையை, டர்ன்டேபிளுக்கென்றே உள்ள ஃபோனோ பகுதி நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் குறைத்துப் பதித்த தாழ் ஒலிகளை மீண்டும் உயர்த்தும் ஆர்ஐஏஏ ஈடுசெய்தலால் 50 ஹெர்ட்ஸுக்கு அதற்கு மேலும் 17 டெசிபல் கூடுகிறது. அருகிலுள்ள எந்த டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலமும் அதில் விழும். ஊசி பொருத்திய கையைத் தட்டின் குறுக்கே மெல்ல நகர்த்தும்போது ஹம் மாறினால், டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். என் விஷயத்தில் கனமான கன்டிஷனரை டர்ன்டேபிளுக்குக் கீழே அலமாரியில் வைக்க இருந்தேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வகையாக இருந்திருந்தால் நானே ஒரு புது ஹம்மை உருவாக்கியிருப்பேன்.

இத்தனையும் முடிந்த பின் ஒரு நாள் சுத்தம் செய்வதற்காக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்தேன். திரும்ப வைப்பதற்கு முன் ஒரு பாட்டைப் போட்டேன். முதல் வார நோட்டில் நான் எழுதியிருந்த அந்த ‘இறுகிய தொப்பி’ அங்கே இருந்தது, இம்முறை அளவிலும் தெரியும்படி. அறையின் ஒத்ததிர்வால் தாழ் சுருதியில் நின்ற மேடு பல டெசிபல் இறங்கியிருந்தது. மகள் கண்ணை மூடச் சொல்லி ஸ்பீக்கரை இழுத்துத் தள்ளிச் சோதிக்க முன்வந்தாள். தரை கீறும் என்று அவள் அம்மா தடுத்துவிட்டாள்.

கன்டிஷனரை நான் எடுத்துவிடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ‘டக்’ ஒலிக்காகவும், வேரிஸ்டர் தரும் பாதுகாப்புக்காகவும் ஆம்ப்ளிஃபயர் அதிலேயே இயங்கியது. வேரிஸ்டர் ஒவ்வொரு எகிறலிலும் சிறிது தேயும் உறுப்பு. தேய்ந்து முடிந்ததும் உள்ளே உள்ள வெப்பப் ஃபியூஸ் அதைத் துண்டித்துவிடும், ஆனால் மின்சாரம் தொடர்ந்து செல்லும். அதைத் தெரிவிப்பதற்குத்தான் முகப்பில் அந்தச் சிறு விளக்கு. சோதனைக்காக நான் ஒட்டிய கறுப்பு டேப்பை, சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு ஒருநாள் தூசி துடைக்கும்போதுதான் உரித்தேன். விளக்கு அணைந்திருந்தது. எத்தனை வாரங்களாக அணைந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இசையில் எந்த மாற்றமும் தோன்றியிருக்கவில்லை. இப்போது வீட்டின் மெயின் போர்டிலேயே எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தியிருக்கிறேன். அதற்கும் ஒரு சிறு சாளரம் உண்டு. பச்சை நிறம் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.